கத்திக்கு முந்திய காவல்

(சிவகிரியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் நேரே இங்கு வந்து, களைப்பையும் மறந்து குழுமியிருக்கும் தோழர்களே!

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஊசி.

"மேடையேறினால் ஆட்சியைப் பேசுவான், மொழியைப் பேசுவான், மானத்தைப் பேசுவான், அதுவும் அலுத்தால் தன் நாடகத்திலிருந்து நாலு வசனத்தை எடுத்து வீசுவான். இன்று இவனுக்கு என்ன வந்தது? ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறானே!" என்று முன்வரிசைத் தோழர் ஒருவர் பக்கத்திலிருப்பவரின் காதைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. அவர் கேட்பது நியாயமே. நான் மருத்துவம் படித்தவன் அல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டுவிட்டு அரங்கத்துக்கு வந்தவன். ஆனால், ஒன்று கேட்கிறேன். நிலவரியைப் பற்றிப் பேச நாம் தாசில்தாராக இருக்க வேண்டுமா? அரிசி விலையைப் பற்றிப் பேச அரிசி மண்டி நடத்த வேண்டுமா? நம் தாயின் வயிற்றில், நம் தம்பியின் காலில், நம் உடலில் கத்தி வைக்கப்படும் வேளையில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா? உண்டு! அந்த உரிமையின் பெயரால்தான் பேசுகிறேன். மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து எழுதிவைத்ததைப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

சிவகிரியில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால், பாதை நமக்குத் தெரிந்ததுதான். முதலில் உள்ளூர் மருத்துவமனை. அங்கே முடியாதென்றால் தென்காசி. அங்கும் முடியாதென்றால், நாம் 'ஐகிரவுண்டு' என்கிறோமே, 1965 இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, அது. கையில் காசு உள்ளவர் இராசபாளையத்துக்கும் மதுரைக்கும் தனியார் மருத்துவமனை தேடிப் போவார். காசில்லாதவரும் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்துவிட்டுப் போவதுண்டு.

'அறுவை என்பது யாரோ சிலருக்கு வருவது' என்று எண்ணிவிடாதீர்கள். 2019–21 இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவையின் மூலம் நடந்தவை. எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் எத்தனையோ பேர் அந்தக் கத்தியைக் கண்டவர்கள். ஆகவே, இது வீட்டுக்கு வீடு வாசற்படி போன்ற செய்தி.

அறுவை முடிகிறது. "நல்லபடியாக முடிந்தது" என்று மருத்துவர் சொல்கிறார். வீட்டார் முகம் மலர்கிறது. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், தையல் போட்ட இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கசிகிறது, காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது. கத்தி வென்றது, கிருமி தோற்கடித்தது! மீண்டும் படுக்கை, மீண்டும் மருந்து, மீண்டும் செலவு. தினக்கூலிக்குப் போகும் வீட்டிலே படுத்தவருக்கும் கூலி இல்லை, பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கும் கூலி இல்லை. சிலருக்குக் கிருமி இரத்தத்தில் ஏறி உயிரையே கொண்டுபோய்விடுகிறது.

இந்தக் கேட்டைத் தடுக்க அறிஞர் உலகம் நெடுங்காலம் போராடியிருக்கிறது. 1847 இல் வியன்னா நகரத்தில் செம்மல்வைசு என்ற மருத்துவர், "பிரசவம் பார்க்கப் போகுமுன் கையைக் கழுவுங்கள்" என்றார், எள்ளி நகையாடினார்கள். 1867 இல் லிஸ்டர் என்பவர், கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயத்தைக் காக்கும் முறையை உலகுக்கு எடுத்துரைத்தார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் முன்னே சிலையாக நிற்கிறாரே, டாக்டர் ரங்காச்சாரி, 1934 இல் மறைந்த அந்த அறுவை வல்லுநர் பெனிசிலினைக் கண்ணால் கண்டதில்லை. 1928 இல் அலெக்சாண்டர் பிளெமிங் அதைக் கண்டறிந்திருந்தாலும், மனிதனுக்கு மருந்தாக ஊசியில் ஏறியது 1941 இல்தான். அதுவரை தூய்மையும் கைத்திறனுமே கவசமாக இருந்தன.

பெனிசிலின் வந்தது, அதன் பின்னே அணியணியாக மருந்துகள் வந்தன. ஆன்டிபயாடிக் என்று மருத்துவர்கள் சொல்லும் இவற்றை நாம் கிருமிக்கொல்லி என்போம். 'கிருமி புகுந்தபின் கொல்கிற மருந்தை, புகாதிருக்கக் காவலாகவும் வைத்தால் என்ன?' என்ற எண்ணம் பிறந்தது. நல்ல எண்ணம்! அந்தக் காவல் ஊசியால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எண்ணிலடங்கா. ஆனால் தோழர்களே, காவலை எப்போது வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது? என் பேச்சின் உயிர்நாடி இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

இங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது நெற்கட்டுஞ்செவல். பூலித்தேவர் கோட்டையைக் காத்த மண். அந்தக் கோட்டையிலே காவலன் எப்போது நின்றிருப்பான்? பகைவன் வாயிலை உடைத்து, உள்ளே புகுந்து, அறையறையாகப் பதுங்கிக்கொண்ட பிறகா? பகைவன் வருமுன்னரே, ஈட்டியோடு, விழித்த கண்ணோடு நின்றிருப்பான்! காவல் ஊசியின் இலக்கணமும் அதுவே. கத்தி தோலைக் கிழிக்கும் நொடியில்தான் கோட்டைக் கதவு திறக்கிறது. தோலின் மேல் இருக்கும் கிருமிகள் உள்ளே இறங்குவது அப்போதுதான். அந்த நொடியில் மருந்து இரத்தத்திலும் தசையிலும் நிறைந்து நிற்க வேண்டும்.

இதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பர்க் 1961 இலேயே காட்டினார். கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தினார். சிலவற்றுக்குக் கிருமி புகுமுன்னரும், சிலவற்றுக்குப் புகும்போதும், சிலவற்றுக்குப் பின்னரும் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார். முன்னரோ உடனேயோ கொடுத்தபோது மருந்து வென்றது. நேரம் செல்லச் செல்ல அதன் வலிமை குன்றியது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, கொடுத்ததும் ஒன்றே, கொடாததும் ஒன்றே!

'அது விலங்குக்கு, மனிதனுக்கு?' என்று கேட்கலாம். 1992 இல் அதற்கும் விடை வெளிவந்தது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரத்தில் 2847 நோயாளிகளைக் கவனித்தார்கள். கத்தி வைப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 6 பேருக்கே புண்ணில் கிருமி பற்றியது. அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 33 பேர். சரி, முன்னதாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று எண்ணி, இரண்டு மணி நேரத்துக்கும் மிக முந்தியே கொடுக்கப்பட்டவர்களில்? ஆயிரத்துக்கு 38 பேர்! அந்திப் பொழுதில் வந்த காவலன், கள்வன் வரும் நள்ளிரவில் உறங்கிவிட்டான்!

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'காலமறிதல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். கோட்டானைக் காக்கை பகலிலே வென்றுவிடும் என்ற கருத்தை, அரசர்களுக்குக் காலத்தின் அருமையைக் காட்டவே அவர் சொன்னார். மருந்தின் அதிகாரத்தையும் காலத்தின் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால், அறுவைக் கூடத்தின் வாயிலில் எழுதிவைக்க வேண்டிய பாடம் கிடைக்கிறது.

எப்போது என்பது தெளிவாயிற்று. அடுத்த கேள்வி, எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2016 இல் நெறிமுறை வகுத்தது. கத்தி வைப்பதற்கு முந்திய 120 நிமிடங்களுக்குள், மருந்து உடலில் தங்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்றது. செபசோலின் என்ற பழைய மருந்து பெரும்பாலான அறுவைகளுக்குப் போதும். உடலிலிருந்து விரைந்து வெளியேறும் அதனைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பது வழக்கம். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரத்தம் மிகுதியாகப் போனாலோ மறுபடியும் ஒரு முறை. அறுவை முடிந்தபின், தடுப்புக்காக அதை நீட்ட வேண்டியதில்லை என்பது அந்நிறுவனத்தின் தெளிவான பரிந்துரை.

கவனியுங்கள்! ஐந்து நாள் அன்று; ஏழு நாள் அன்று. 'ஊசி மூன்று நாள், அதன்பின் மாத்திரை ஐந்து நாள்' என்று சீட்டு நீளுகிறதே, அந்த நீளத்தால் காவல் கூடுவதில்லை. 2019 இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தடுப்பு மருந்தை நாள்கணக்கில் நீட்டியதால் புண்ணில் சீழ் பிடிப்பது குறையவில்லை. குறைந்தது சிறுநீரகத்தின் நலம்! கூடியது குடலைத் தாக்கும் கொடிய வயிற்றுப்போக்கு!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அரைகுறையாகக் கேட்டுச் சென்று அவதிப்படக் கூடாது. நான் பேசுவது தடுப்பு மருந்தைப் பற்றி. குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியவருக்கு, சேறும் மண்ணும் அப்பிய காயத்தோடு வந்தவருக்கு நாள்கணக்கில் கொடுப்பது தடுப்பு அன்று, சிகிச்சை. அங்கே பகைவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான். போர் முடியும்வரை படை வேண்டும். மருத்துவர் அப்படிக் கொடுக்கும் மருந்தை, "சிவகிரிக் கூட்டத்திலே சொன்னார்கள்" என்று யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள்! நிறுத்தவும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாம் கேட்கலாம், வெட்டக் கூடாது.

நம் நாட்டு நிலை என்ன? தேசிய நோய்த் தடுப்பு மையம் 2021 நவம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை இருபது பெரிய மருத்துவமனைகளில் கணக்கெடுத்தது, 9652 உள்நோயாளிகள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேருக்குக் கிருமிக்கொல்லி கொடுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு கொடுக்கப்பட்டதில் நூற்றுக்கு 55 பங்கு நோயைத் தீர்க்க அன்று, வராமல் தடுக்க! அத்தனையும் அறுவைக்காக என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் வராத பகைக்கு வாளுருவுவதிலேயே பாதிக்கு மேல் செலவாகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஏன் இப்படி? மருத்துவர்களுக்கு அறிவில்லையா? அப்படிச் சொல்பவன் நன்றி கெட்டவன். நாடகக்காரன் அல்லவா, ஒரு சிறு காட்சியாகவே காட்டுகிறேன். நானே கற்பித்த காட்சி. எந்த மருத்துவமனையையும் குறித்தது அன்று.

மருத்துவமனை வார்டு. அறுவை முடிந்த மறுநாள். நோயாளியின் அண்ணன் வருகிறார். பின்னால் கரைவேட்டி கட்டிய இரண்டு பேர்.

"டாக்டரம்மா, தம்பிக்கு இன்று ஊசியே போடவில்லையாமே?"

"போட வேண்டியதை அறுவைக்கு முன்பே போட்டாகிவிட்டது, அண்ணாச்சி. இனித் தேவையில்லை."

"தேவையில்லையா? பக்கத்துக் கட்டிலுக்கு ஐந்து நாளாகப் போடுகிறார்கள். நாங்கள் ஏழைகள் என்பதால் இளக்காரமா? தம்பிக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் பாருங்கள்!"

பின்னால் நிற்கும் கரைவேட்டி ஒன்று குரலை உயர்த்துகிறது. மருத்துவர் பெருமூச்சு விடுகிறார், பேனாவை எடுக்கிறார், எழுதுகிறார்: ஐந்து நாள்!

தோழர்களே, அந்தக் கரைவேட்டி யார்? என்னைப் பார்க்காதீர்கள்; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்! ஏழைக்காகக் குரல் கொடுக்கிறோம் என்று போய், ஏழையின் உடலில் வேண்டாத மருந்தையும், ஏழையின் தலையில் வேண்டாத செலவையும் ஏற்றிவிட்டு வருகிறோம். மருத்துவரின் பேனா பயத்தால் எழுதுமானால், அந்தப் பயத்தை விதைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

பயம் ஒரு காரணம். பழக்கம் இன்னொரு காரணம்: மூத்தவர் எழுதினார், இளையவர் எழுதுகிறார். மூன்றாவது காரணத்தை மருத்துவர்களே மனம் நொந்து சொல்வார்கள்: "மேனாட்டு மருத்துவமனையின் தூய்மை இங்கே ஏது? ஒரே கட்டிலருகே இன்னொரு நோயாளி; குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. ஒரே ஒரு ஊசியை நம்பி எப்படி விடுவது?" என்பார்கள்.

இந்தக் கேள்வியை எள்ளி ஒதுக்க மாட்டேன். இதிலே உண்மை இருக்கிறது. ஆனால் முடிவிலே பிழை இருக்கிறது. வீட்டுக் கூரை ஒழுகினால் கூரையை வேய வேண்டும். வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் நாள்தோறும் காய்ச்சல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதா வழி? கிருமிக்கொல்லி துடைப்பம் ஆகாது. கழுவாத கைக்குச் சவுக்காரம் ஆகாது. வேகாத கத்திக்குக் கொதிநீர் ஆகாது. அழுக்கு நிறைந்த இடத்தில் மருந்தை நீட்டினால், மெலிந்த கிருமிகள் மாளும். மருந்துக்கு மசியாத முரட்டுக் கிருமிகள் எஞ்சும். எதிரி ஒழிந்த வயலில் களை செழிப்பதுபோல் அவை பெருகும். கழுவாத கைகளின் வழியே அடுத்த கட்டிலுக்கும் நடக்கும். அப்போது உண்மையிலேயே சீழ் பிடிக்கும் ஒருவருக்கு எந்த மருந்து மிஞ்சும்?

இது கற்பனை அச்சம் அன்று. 2010 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக இருந்து, இந்திய, ஆங்கில அறிஞர்கள் பலரோடு வெளியிட்ட ஆய்வு உலகைத் திடுக்கிட வைத்தது. கடைசி அம்பாக வைத்திருந்த கார்பாபெனம் மருந்துகளையும் முறித்துப் போடும் ஆற்றலைச் சில கிருமிகள் பெற்றுவிட்டன. அத்தகைய கிருமி மாதிரிகள் சென்னையில் மட்டும் 44 கண்டறியப்பட்டன, அரியானாவில் 26, இங்கிலாந்தில் 37. அந்த ஆற்றலுக்கு 'நியூ டெல்லி' என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள் என்று பெரிய பூசல் எழுந்தது. 'நம் நாட்டுக்கு இழுக்கு!' என்று முழங்கினார்கள். இழுக்கு பெயரிலா இருக்கிறது? கிருமிக்கு எந்த ஊர்ப் பெயரை வைத்தாலும், மருந்து கேளாமல் மடிகிறவன் நம் ஊர்க்காரன் அல்லவா? 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு மசியாத கிருமிகளே நேர்க்காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று 2022 இல் வெளியான கணக்கு கூறுகிறது.

பூசலிட்டு ஓயாமல், பொறுப்பேற்று எழுந்தவர்களும் இருந்தார்கள். 2012 ஆகஸ்டில் மருத்துவர் அப்துல் கபூர் முன்னின்று முயல, நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடின. கிருமிக்கொல்லிகளை முறையாகப் பயன்படுத்த வழிவகைகளை ஆராய்ந்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று உலக மருத்துவ ஏடுகள் அதைக் குறிப்பிடுகின்றன. நோய் கண்ட ஊரின் பெயர் தீர்வுக்கும் சூட்டப்பட்டது, இதுவன்றோ பெருமை!

இனி, செய்ய வேண்டுவது என்ன? கோடி கோடியாகக் கொட்ட வேண்டுமா? வேண்டாம்! நான் சொல்லப்போகிற ஐந்தும் ஒழுங்கைக் கேட்பவை. பெரும் பொருளைக் கேட்பவை அல்ல.

ஒன்று, எழுத்து. எந்த அறுவைக்கு எந்த மருந்து, எவ்வளவு, எந்த அறுவைக்குத் தேவையே இல்லை என்று ஒரே தாளில் எழுதி அறுவைக் கூடத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். மாசில்லாத சிறு அறுவைகள் பலவற்றுக்குக் காவல் ஊசியே வேண்டியதில்லை. பிரசவ அறுவையில், குழந்தையை எடுத்துக் கொடியைக் கட்டியபின் கொடுப்பது பழைய வழக்கம். கத்தி வைக்குமுன் கொடுப்பதே தாய்க்கு நல்லது என்பது இன்றைய நெறி. மூத்தவரின் பழக்கம் சட்டமாக இருக்கும் இடத்தில் எழுதிய நெறி சட்டமாகட்டும்.

இரண்டு, கை. வார்டில் ஊசி போட்டு அனுப்பினால், அறுவைக் கூடத்தில் முந்திய அறுவை நீண்டுவிடும். தள்ளுவண்டி வராந்தாவில் நிற்கும். மருந்தின் நேரம் கரைந்துபோகும். எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் அன்று. மருந்தை அறுவைக் கூடத்துக்குள்ளேயே வைத்து, மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவரின் கையில் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

மூன்று, கேள்வி. 2008 இல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தியை எடுக்குமுன் அனைவரும் ஒரு நொடி நின்று, உரக்கக் கேட்டு, உரக்க விடை சொல்ல வேண்டும். 'கடந்த அறுபது நிமிடங்களுக்குள் காவல் மருந்து கொடுத்தாயிற்றா?' என்பது அக்கேள்விகளில் ஒன்று. டில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் இப்பட்டியலைச் சோதித்துப் பார்த்து 2009 இல் அறிவித்தார்கள். முன்பு நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு, 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாளும் ஒரு குரலும் செய்த வேலை! நாடக அரங்கிலே திரை தூக்குமுன், "வாள் வந்ததா? விளக்கு வந்ததா?" என்று கேட்காமல் நாங்கள் தொடங்குவதில்லை. மரவாளுக்கு அத்தனை விழிப்பு; மனித உயிருக்கு வேண்டாமா?

நான்கு, நிறுத்தம். அறுவை முடிந்ததும் தடுப்பு மருந்து நின்றுவிட வேண்டும். நீட்ட விரும்பும் மருத்துவர் ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். காரணம் உள்ளவர் எழுதுவார். பழக்கம் மட்டும் உள்ளவர் பேனாவை மூடுவார்.

ஐந்து, கணக்கு. அறுவை ஆனவர்களில் முப்பது நாளுக்குள் எத்தனை பேருக்குப் புண் பழுத்தது? இதை மாதந்தோறும் எண்ண வேண்டும். வீடு திரும்பியவரை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். பிள்ளை பெற்ற தாயைத் தேடி வீட்டுக்கே வரும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். எண்ணத் தெரிந்த மருத்துவமனை, குறைக்கவும் கற்றுக்கொள்ளும்.

அரசின் கடமையும் இதில் உண்டு. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் அமைக்கப்பட்டது. ஏழைக்கு இலவச மருந்து என்பது சொல்லாக நில்லாமல் செயலானதற்கு அது சான்று. விலை மலிந்த செபசோலின், மலையடிவாரச் சிறு மருத்துவமனைக்கும் ஒரு நாளும் தட்டாமல் வர வேண்டும். எளிய மருந்து இல்லாத நாளில்தான் விலையுயர்ந்த மருந்து அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. தண்ணீர் வேண்டும், கருவிகளைக் கிருமி நீக்கும் கொதிகலன் பழுதில்லாமல் ஓட வேண்டும், செவிலியர் எண்ணிக்கை கூட வேண்டும், எந்தக் கிருமி என்று சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் வேண்டும். போராட வேண்டுமா, இவற்றுக்காகப் போராடுவோம்! கூடுதல் ஊசிக்காக அன்று, கூடுதல் தண்ணீருக்காக! நீண்ட சீட்டுக்காக அன்று. நிறைந்த செவிலியர் படைக்காக!

கடைசியாக, நம் கடமை. அறுவைக்குப் போகும் உறவினரோடு நீங்கள் துணைக்குப் போவீர்கள். முதல்நாள் குளிக்கச் சொல்லுங்கள். வீட்டிலே சவரக்கத்தி கொண்டு அறுவை நடக்கும் இடத்தை மழிக்காதீர்கள். அந்தச் சிறு கீறல்களே கிருமிக்குக் குடிசை. முடியை நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால் வெட்டும் கருவியால் மருத்துவமனையிலேயே நீக்குவார்கள். மருத்துவரிடம் பணிவோடு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "ஐயா, கத்தி வைக்குமுன் தடுப்பு ஊசி உண்டா? அறுவை முடிந்தபின் கொடுப்பது தடுப்புக்கா, சிகிச்சைக்கா?" கல்லெடுக்காமல், குரலை உயர்த்தாமல் கேட்கும் இந்தக் கேள்விக்கு நல்ல மருத்துவர் மகிழ்ந்து விடை தருவார். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிருமிக்கொல்லி கேட்காதீர்கள். 2014 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வலிமை மிக்க கிருமிக்கொல்லிகள் பலவற்றை விற்கும் கடைக்காரர், யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தார் என்று தனி ஏட்டில் குறித்து வைக்க வேண்டும். அந்த விதி ஏட்டோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

நமக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் இந்த மலைக்கு அப்பால் கேரளம். 2018 இல், இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாக, மருந்துக்கு மசியாத கிருமிகளை எதிர்க்கத் தனித் திட்டம் தீட்டியது அந்த மாநிலம். 2024 இல், சீட்டில்லாமல் கிருமிக்கொல்லி விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனையிடவும் தொடங்கியது. மலை தடுப்பது மழை மேகத்தைத்தான். நல்ல எண்ணத்தை அன்று. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? சென்னையிலே பிரகடனம் பிறந்தது. அது சிவகிரியின் ஒரு கட்டிலருகே வந்து நிற்கும் நாளில்தான் நிறைவு பெறும்.

தோழர்களே! மருந்து மிகுந்தால் நலம் மிகும் என்பது மூடநம்பிக்கை. அதுவும் வெள்ளைத் தாளில், அழகிய கையெழுத்தில் வருகிற மூடநம்பிக்கை! எதையும் ஏன் என்று கேட்கப் பழகிய நாம் இதையும் கேட்போம். நல்ல மருந்து என்பது நமக்கு முன்னோர் தேடிவைத்த சொத்து. அதை ஊதாரியாகச் செலவழித்தால், நாளை நம் பேரப்பிள்ளை ஒரு சிறு காயத்தோடு அரசு மருத்துவமனை வாயிலில் நிற்கும்போது கொடுக்க ஒன்றும் இராது. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு, அறுவை முடிந்ததும் நிறுத்தம். இதைக் கேட்டுப் பெறுவதும் உரிமைப் போராட்டமே. கட்டிலில் கிடப்பவருக்காகக் கேளுங்கள். அவருக்கு அடுத்த கட்டிலில் நாளை படுக்கப்போகிறவருக்காகவும் கேளுங்கள்.